இரவல் குரல்

மோகனராஜ் வத்தேகமையில் அறிவிப்புக்காரர். கடைகளின் மலிவு விற்பனை, கோயில் தேர், கிரிக்கெட் போட்டி, மரணச் செய்தி, எதுவானாலும் த்ரீவீலின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ச் சொல்லுவார். த்ரீவீலும் ஒலிபெருக்கியும் மஹ்மூத் நானாவுடையவை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் மேடை, மைக், கதிரை எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவர் அவர். குரல் மட்டும் மோகனராஜுடையது.

அந்தக் குரலும் ஒன்றாக இருந்ததில்லை. மோகனராஜ் பிறந்தது ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். சின்ன வயதில், கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்களுக்குப் பின்னால் மறைந்து நின்று கங்காணி மாதிரி அதட்டுவார். பெண்கள் பதறிப்போய்த் திரும்புவார்கள். ஒரு தடவை தோட்டத்தை நடத்தும் துரையின் குரலில், சிங்களமும் தமிழும் கலந்து, லயத்து வாசலில் நின்று கூப்பிட, தொழிற்சங்கத் தலைவர் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்துவிட்டார். மோகனராஜின் அக்கா சுந்தரி இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் மோகனராஜ் ஒரே பதிலைத்தான் சொல்லுவார். "தொண்டையில ஒண்ணும் இல்லீங்க. அந்த ஆளு எப்படி மூச்சு விடுறாருன்னு பாத்துக்கணும். மூச்சு வந்துருச்சின்னா குரல் தானா வந்துரும்."

நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது இந்த வித்தையைத் தேடிக்கொண்டு இளங்கோ என்பவர் வந்தார். அவருடைய அண்ணன் ஜனார்த்தனன் கண்டி மாவட்டத்தில் வேட்பாளராக நின்றார். தெல்தோட்டையில் ஒரு லொறி டிரைவரின் மகனாகப் பிறந்து, கொழும்புக்குப் போய்ச் சொந்தமாக லொறிகள் ஓட்டி வளர்ந்த மனிதர். தோட்டம் தோட்டமாகப் பேசிப் பேசி, பிரசாரம் பாதியில் இருக்கும்போதே தொண்டை கட்டிப்போயிற்று. வாயைத் திறக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மோகனராஜ் ஒரு முழு நாளும் ஜனார்த்தனனின் வாகனத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பழைய கூட்டங்களில் பேசிய வீடியோக்களைக் கேட்டார். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஜனார்த்தனன் ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுப்பது அவருக்குப் பிடிபட்டது. குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கும்போது ஒருவர் இழுக்கிற மூச்சு அது. மாலையில் கண்டிக்குள் நுழையும்போது மோகனராஜ் அந்த மூச்சை இழுத்து, "என் அன்பு உறவுகளே" என்றார்.

டிரைவர் சட்டென்று கண்ணாடியில் பார்த்தார். ஜனார்த்தனன் சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு கம்மிப்போன குரலில் சொன்னார்: "நீங்களே பேசிருங்க மோகன். நான் சும்மா கையக் காட்டுறேன்."

அன்றிலிருந்து ஒலிபெருக்கியில் ஓடிய ஜனார்த்தனனின் பதிவுகள் எல்லாமே மோகனராஜ் பேசியவை. இது இரண்டு சகோதரர்களுக்கும் டிரைவருக்கும் மஹ்மூத் நானாவுக்கும் மோகனராஜின் மனைவிக்கும் அக்காவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பிரசாரத்தின் கடைசிக் கூட்டம் வத்தேகமை விளையாட்டு மைதானத்தில் ஏற்பாடாகியிருந்தது. ஜனார்த்தனன் அன்று காலை மட்டக்களப்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார். தண்ணீரில் இறங்கக்கூடிய ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மைதானத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, செவ்வந்திப் பூவைத் தூவிவிட்டு, விக்டோரியா நீர்த்தேக்கத்தில் இறங்கி, அங்கிருந்து காரில் வருவது திட்டம். வேட்பாளர் வானத்திலிருந்து பூப் போடப் போகிறார் என்று மோகனராஜே ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அதனால் கட்சிக்காரர் அல்லாதவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பிற்பகலில் வானம் மூடிக்கொண்டது. மைதானத்தின் மறுகரையில் இருந்த மலை முதலில் மறைந்தது. பிறகு மரங்கள் மறைந்தன. விமானம் வரவில்லை. ஜனார்த்தனனின் போனுக்கும் அழைப்புப் போகவில்லை. ஆட்கள் எழுந்து குடையை விரிக்கத் தொடங்கியதும் இளங்கோ மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார்.

"மோகன் அண்ணே, சனம் கலையுது. அண்ணன் பிளேன்லருந்து போன் எடுத்த மாதிரி ரெண்டு வார்த்த பேசிருங்க."

"அவரு வராம எப்படிங்க?"

"வந்துருவாரு. மேலதான் இருப்பாரு. நீங்க பேசுங்க."

மேடையில் ஒருவர் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். மோகனராஜ் மேடைக்குப் பின்னால் நின்ற லொறியின் மறைவில் இன்னொரு மைக்கைக் கையில் எடுத்தார். சட்டைப் பையில் அவருடைய சொந்தப் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்க அவகாசமில்லை. மூச்சை உள்ளே இழுத்தார்.

"என் அன்பு உறவுகளே, போயிராதீங்க. நான் எங்கயும் போகல. உங்க தலைக்கு மேலதான் இருக்கேன். மேல பாருங்க."

மைதானம் முழுவதும் முகத்தைத் தூக்கிப் பார்த்தது. வெள்ளையாக ஒன்றும் தெரியாத வானம். ஆனால் அந்த நேரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து மெல்லிய ஓர் இரைச்சல் வந்ததாக அங்கே நின்றவர்கள் இன்றைக்கும் சொல்லுகிறார்கள். மோகனராஜுக்கும் அது கேட்டது. சனம் கைதட்டி ஆர்ப்பரித்தது. இரைச்சல் சுற்றுவது போல இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

மோகனராஜ் மைக்கை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். அக்கா பல தடவை அழைத்திருந்தார். திரும்ப அழைத்ததும் சுந்தரி அழுகிற குரலில் கேட்டார்: "எங்கடா போன? மலையில பிளேன் விழுந்துருச்சு தம்பி. நீ யாரு குரல்ல பேசுவியோ, அந்தாளு பிளேன்னு சொல்றாங்க."

"எப்பக்கா?"

"பூ விழுந்து கொஞ்ச நேரத்துல."

"என்ன பூ?"

சுந்தரி சொன்னது இதுதான். அடுத்த நிரையில் நிற்பவர் தெரியாத அளவுக்கு மூடுபனி. காற்று இல்லை. பெண்கள் பறித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து மஞ்சள் இதழ்கள் விழுந்தன. தேயிலைச் செடியில், கூடையில், தலையில் எல்லாம். சுந்தரிக்குப் பக்கத்தில் நின்ற ஞானேஸ்வரி, எந்தச் சாமி போடுகிற பூவோ என்று இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாள். கீழே தெரிந்த ஏதோ ஓர் இடத்தை வத்தேகமை என்று நினைத்து ஜனார்த்தனன் தூவினாரோ, மூட்டை தானாக அவிழ்ந்ததோ, யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு சத்தம். குண்டு வெடித்த மாதிரி இல்லை. லயத்துக் கூரைத் தகரமெல்லாம் ஒன்றாகச் சரிந்து விழுந்த மாதிரி. அதற்குப் பிறகு ஒரு பறவைகூடச் சத்தம் போடவில்லை.

"அதுக்குப் பொறகும் பூ விழுந்துகிட்டே இருந்துச்சுடா" என்றார் சுந்தரி.

மோகனராஜ் போனின் திரையைப் பார்த்தார். அக்காவின் முதல் அழைப்பு, அவர் மைக்கைத் தொடுவதற்கு வெகுநேரம் முன்னால் வந்திருந்தது. மேலே பாருங்கள் என்று அவர் சொன்னபோது, ஜனார்த்தனனும் விமானியும் ஹுன்னஸ்கிரிய மலையில் இறந்து கிடந்தார்கள்.

செய்தி மைதானத்துக்குள் வந்ததும் யாரும் கத்தவில்லை. முன்வரிசையில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "இப்பத்தானே பேசினாரு?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவரும் அதையே கேட்டார். அந்தக் கேள்வி பின்வரிசை வரைக்கும் போயிற்று.

உடல்களைக் கொண்டுவந்தபோது சவப்பெட்டிகளை மூடித்தான் கொண்டுவந்தார்கள். முகம் காட்டக்கூடிய நிலையில் இல்லை என்றார்கள். தெல்தோட்டையில் சவ அடக்கத்தின் போது மோகனராஜ் தூரத்தில் நின்றார். பெட்டிக்குப் பக்கத்தில் ஜனார்த்தனனின் தாய் பாலம்மா உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மூடியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எங்காவது திறக்குமா என்று பார்ப்பது போல இருந்தது.

அதற்குள் மைதானத்தில் எடுத்த வீடியோ எல்லாருடைய போனிலும் வந்துவிட்டது. "மேல பாருங்க" என்ற குரலுக்குப் பிறகு அந்த இரைச்சல் அதில் தெளிவாகக் கேட்டது. செத்த பிறகு மனுஷன் பேசியிருக்கிறார் என்று ஊர் நம்பியது. பன்விலைப் பக்கம் ஒரு வீட்டில் போனுக்கு முன்னால் விளக்கேற்றி அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்களாம்.

மோகனராஜ் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இளங்கோவிடம் போனார். இளங்கோ தாடி வளர்ந்த முகத்தோடு கட்சி அலுவலகத்தில் இருந்தார்.

"அண்ணே, வாக்குச்சீட்டெல்லாம் அடிச்சாச்சு. எங்க அண்ணன் விருப்பு வாக்கு இலக்கம் அதுலதான் கெடக்கு. எங்க சின்னத்துக்கு சனம் புள்ளடி போட்டாத்தான் அவரு பட்டதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்" என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கடைசியா ஒண்ணே ஒண்ணு ரெக்கோட் பண்ணித் தாங்க. பிளேன்ல வரும்போது பேசி அனுப்பினதுன்னு சொல்லிக்கிறோம்."

"செத்தவரு குரல்லயா?"

"எனக்கும் அந்தக் குரலக் கேக்கணும்ண்ணே." இளங்கோ மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் அழுவதைப் பார்த்துவிட்டு மோகனராஜால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

மஹ்மூத் நானாவின் கடைப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தார்கள். நானா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவுக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தார். மோகனராஜ் மூச்சை இழுக்க வாயைத் திறந்தார். அவர் இழுப்பதற்கு முன்னாலேயே மூச்சு உள்ளே வந்துவிட்டது. அப்படித்தான் பிறகு அவர் மனைவியிடம் சொன்னார்.

"என் அன்பு உறவுகளே, நான் இல்லாவிட்டாலும் என் குரல் உங்களோடு இருக்கும். நம் சின்னத்தை மறந்துவிடாதீர்கள்."

ஒரே தடவையில் முடிந்தது. நானா ஹெட்போனைக் கழற்றினார்.

"மோகன், இது நீங்கதானே பேசினது?"

"வேற யாரு நானா?"

"இல்ல... நான் ஒங்கட வாயப் பாக்கல்ல. கண்ண மூடிட்டுக் கேட்டேன். அல்லாவுக்காக, இத ஒரு மொறயோட நிப்பாட்டுங்க."

வீட்டுக்குப் போனபோது மனைவி நிஷாந்தினி அடுப்படியில் இருந்தார். மோகனராஜ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு, "தண்ணி கொஞ்சம் குடு" என்றார். உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. நிஷாந்தினி வெளியே வந்து அவரைப் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் தெருவையும் பார்த்தார்.

"ஏங்க, கூட யாரு வந்தது?"

"யாரும் வரலியே."

"அந்தாளு குரல்ல பேசாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"நான் பேசலயே நிஷா" என்றார் மோகனராஜ். அதைச் சொல்லும்போது அவருக்கே கேட்டது. தன்னுடைய வாயிலிருந்து, தன்னுடைய வீட்டு வாசலில், ஜனார்த்தனன் பேசுகிறார்.

அடுத்த நாட்களில் அவர் முடிந்தவரை வாயைத் திறக்கவில்லை. சுடுதண்ணீரில் கொத்தமல்லி போட்டுக் குடித்தார். பேசினால் சில வார்த்தைகள் சொந்தக் குரலில் வரும். அசந்தால் மற்றது வரும். கடையில் தேயிலை கேட்டபோது, கடைக்காரர் கையில் எடுத்த பொட்டலத்தைத் திரும்பவும் தட்டிலேயே வைத்துவிட்டார்.

பதிவு ஊரெல்லாம் ஓடியது. த்ரீவீல் வரும்போது ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். சிலர் கும்பிட்டார்கள். ஹுன்னஸ்கிரியவில் விமானம் விழுந்த மலைக்குக் கீழே வண்டி போனபோது, மலை அந்தக் குரலைத் திருப்பிச் சொன்னது. நான் இல்லாவிட்டாலும் என்று வண்டி சொல்ல, கொஞ்சம் தாமதித்து, மேலேயிருந்து அதுவே வந்தது. மலையில் எதிரொலி கேட்பது புதிதல்ல. ஆனாலும் சுந்தரியும் மற்றப் பெண்களும் பாதிக் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். வண்டிக்காரரும் அந்தப் பக்கம் திரும்பப் போகவில்லை.

அது தெல்தோட்டைக்கும் போயிற்று. மறுநாள் இளங்கோ போனில் அழைத்தார்.

"அம்மா ஒங்களப் பாக்கணும்ங்கிறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவங்களாத்தான், 'அந்தக் குரல்காரரக் கூட்டியா'ன்னாங்க."

மோகனராஜ் பஸ் ஏறித் தெல்தோட்டைக்குப் போனார். மதிய வெயில் நன்றாக அடித்தது. ஜனார்த்தனன் கட்டிக்கொடுத்த வீட்டின் முன்னறையில் பாலம்மா கதிரையில் உட்கார்ந்திருந்தார். மகனுடைய படத்துக்கு மாலை போடவில்லை. இளங்கோ கதவோரத்தில் நின்றார்.

"உக்காருங்க தம்பி" என்றார் பாலம்மா. "வண்டியில பேசுறது நீங்கதானே?"

மோகனராஜ் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியும். எம்புள்ள 'இல்லாவிட்டாலும்'னு எல்லாம் பேச மாட்டான். அவனுக்குச் சாவப் பத்திப் பேசுனாலே பிடிக்காது." அவர் குரலில் கோபம் இல்லை. "கூட்டத்துக்குப் போற அன்னைக்கு விடியக்காலையில கெளம்பிட்டான். நான் குளிச்சிகிட்டு இருந்தேன். சொல்லிக்காமப் போயிட்டான். பொறகு பெட்டியத்தான் காட்டுனாங்க. மொகத்தக்கூடப் பாக்கல. அவன் போயிட்டான்னு எல்லாரும் சொல்றீங்க. எங்கிட்ட சொல்லிட்டுப் போகலயே தம்பி. கதவுச் சத்தம் கேக்கும்போதெல்லாம் அவன்தான்னு எந்திரிக்கிறேன்."

மோகனராஜுக்கு அவர் கேட்கப் போவது புரிந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவ. போயிட்டு வாரேன்னு சொல்லச் சொல்லுங்க."

சொல்லுங்க என்று அவர் கேட்கவில்லை, சொல்லச் சொல்லுங்க என்றார். மோகனராஜ் இளங்கோவைப் பார்த்தார். இளங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனராஜ் எழுந்து வாசல்படியில் போய் நின்றார். வெளியே போகிறவர் திரும்பிப் பார்த்துச் சொல்லுகிற மாதிரி நின்றால்தான் வரும் என்று அவருக்குத் தோன்றியது. மூச்சு உள்ளே வந்தது. கால் வழியாக ஏறுகிற குளிராக அது வந்தது.

"பாலாயி, போயிட்டு வாரேன்."

பாலம்மாவின் கை கதிரைப் பிடியை இறுக்கியது. இளங்கோ திரும்பினார்.

"அந்தப் பேர யாரு ஒங்களுக்குச் சொன்னா?" என்று பாலம்மா கேட்டார். "எங்க வீட்டுக்காரரு மட்டுந்தான் என்னைய அப்படிக் கூப்புடுவாரு. அப்பாவப் பாத்து இவனும் சின்ன வயசுல கூப்புடுவான். இந்த வீட்டுக்கு வெளிய யாருக்கும் தெரியாதே."

அம்மா என்று சொல்லத்தான் மோகனராஜ் வாயைத் திறந்திருந்தார். அந்தப் பேர் எப்படி வந்தது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. அந்த ஒரு நாள் வாகனத்தில் கூட இருந்தபோது, ஜனார்த்தனன் தாயோடு போனில் பேசியது காதில் விழுந்திருக்கலாம் என்று சில நேரம் சொல்லுவார். அன்று ஜனார்த்தனன் பேசவே கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்ததையும் அவரே சொல்லுவார்.

பாலம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். மோகனராஜைத் தாண்டி, வெயில் அடிக்கிற பாதையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"சரிப்பா. போயிட்டு வா" என்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், ஒருவர் பாதை வளைவில் மறையும்வரை பார்ப்பது போல. பிறகு உள்ளே போய், மகனின் படத்துக்கு முன்னால் முதன்முறையாக உட்கார்ந்து அழுதார். இளங்கோவும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அன்று மாலையே இளங்கோ எல்லா வண்டிகளிலும் பதிவை நிறுத்தச் சொன்னார். மைதானத்தில் பேசியது யார் என்பதையும் தேர்தலுக்கு முன்னால் கட்சிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். நம்பியவர் சிலர், நம்பாதவர்தான் அதிகம். நாங்கள் எங்கள் காதால் கேட்டோமே என்றார்கள். ஜனார்த்தனனின் இலக்கத்துக்கு நிறையப் பேர் புள்ளடி போட்டிருந்தார்கள். கட்சிக்கு ஆசனம் கிடைக்கவில்லை.

தெல்தோட்டையிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில், கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொன்னபோது மோகனராஜின் சொந்தக் குரல் வந்தது. ஒரு கரகரப்பும் இல்லை. பிறகு ஒருநாள் யாரும் இல்லாத இடத்தில், என் அன்பு உறவுகளே என்று சொல்லிப் பார்த்தார். வரவில்லை. கங்காணியின் குரலும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்த ஒரு குரலும் வரவில்லை. மூச்சை எப்படி இழுத்தாலும் அது அவருடைய மூச்சாகவே இருந்தது. சுந்தரி அக்காவுக்கு அதில் வருத்தம். நிஷாந்தினி கோயிலில் தேங்காய் உடைத்தார்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் பாலம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். "அம்மா போன சேதிய நீங்கதான் ஊருக்குச் சொல்லணும்ண்ணே" என்று இளங்கோ கேட்டார். மஹ்மூத் நானா தானே வண்டியோட்டிக்கொண்டு தெல்தோட்டைக்கு வந்தார். தூறல் விழுந்தது. மலையெல்லாம் மூடிக்கிடந்தது. மோகனராஜ் கையில் மைக்கோடு பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"திருமதி பாலம்மா இருளப்பன் அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இருளப்பனின் அன்பு மனைவியும்..."

அடுத்து வர வேண்டியது ஜனார்த்தனனின் பெயர். மோகனராஜ் நிறுத்தினார். நானா வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். ஒலிபெருக்கி மட்டும் சும்மா இரைந்துகொண்டிருந்தது.

"...காலஞ்சென்ற ஜனார்த்தனன் மற்றும் இளங்கோவின் பாசமிகு தாயாருமாவார்."

நல்ல உரத்த, சாதாரணக் குரல். வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பாதைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணே, எப்ப எடுக்கிறாங்க?"

"நாளைக்குப் பின்னேரம்மா" என்றார் மோகனராஜ். வண்டி அடுத்த லயத்துக்குத் திரும்பியது.